பாதி வரைந்த டிசைனையே தினமும் தானாகச் சோதிப்பது எப்படி? பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல்லை பேட்டையின் சிட்கோ தொழிற்பேட்டையிலோ வள்ளியூர்ப் பக்கமோ ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? இல்லை, இன்ஜினியரிங் இறுதியாண்டு பிராஜெக்ட் கையில் இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். “முழுசா வரைஞ்சு முடி, அப்புறம் செக் பண்ணிக்கிடலாம்” என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் இரும்பு வாங்கியாகிவிடும், ஆங்கிள் வெட்டியாகிவிடும், குழியும் தோண்டியாகிவிடும். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு யாராவது பணம் கட்டியே ஆக வேண்டும்.

டிசைன் பாதியில் இருக்கும்போதே, ஒவ்வொரு முறை ஃபைலைச் சேமிக்கும்போதும், வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் நிறைவேறுகிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும்படி வைத்துக்கொள்ள முடியும். எங்கள் பட்டறையில் இதைக் கொண்டுவர நீண்ட நாள் இழுத்தது. சொல்லித்தர ஆளில்லாததுதான் காரணம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கான சோலார் பேனல் ஸ்டாண்ட். 540 வாட் பேனல் ஆறு. ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எந்தச் சமரசத்துக்கும் இடம் தராது.

1. டிராயிங்குக்கு முன்னால் தேவைப் பட்டியல்

தோட்டத்துக்காரர் அண்ணாச்சி இப்படித்தான் சொல்வார்: “தம்பி, ஆடிக்காத்துல பேனல் அசையப்பிடாது பாத்துக்கிடுங்க. ஆடு நிழலுக்கு அடியில போய்ப் படுக்கும், கொம்பு இடிக்கப்பிடாது. ஏணி போடாம நானே தொடைச்சுக்கிடணும்லா.”

மூன்றும் நல்ல தேவைகள். ஆனால் எதையும் கம்ப்யூட்டரால் சோதிக்க முடியாது. ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்ற வேண்டும்:

அசையக்கூடாது: மணிக்கு 150 கி.மீ. காற்றில் எந்தக் காலும் தரையை விட்டு மேலெழக் கூடாது. பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தன் நீளத்தில் 180-ல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது.

ஆடு இடிக்கக்கூடாது: பேனலின் தாழ்ந்த விளிம்பு தரையிலிருந்து 1000 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

ஏணி வேண்டாம்: உயர்ந்த விளிம்பு 2000 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

150 கி.மீ. என்பது அரசு மானியத் திட்டங்களின் சோலார் பம்ப் விவரக்குறிப்பில் இருக்கும் எண். 180-ல் ஒரு பங்கு என்பது எஃகுக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 800:2007-இல், எளிதில் உடையும் மூடுபொருளைத் தாங்கும் சட்டத்துக்குச் சொன்ன வரம்பு. பேனலின் முகம் கண்ணாடி என்பதால் அதையே எடுத்தோம். 1000, 2000 இரண்டும் அண்ணாச்சியிடமே கேட்டு முடிவு செய்தவை. எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பட்டியலிலேயே ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து “இந்த 2000-ஐ 2200 ஆக்கலாமா?” என்று ஒருவர் கேட்கும்போது யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.

பட்டியலுக்கு ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். தேவை எண், வாக்கியம், அளவு, அலகு, யார் சொன்னது, எப்படிச் சோதிப்பது என்று ஆறு பத்திகள். வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

2. எதைக் கம்ப்யூட்டரிடம் விடக்கூடாது என்று பிரியுங்கள்

எல்லாத் தேவையையும் சோதனையாக எழுத முடியாது. கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசுவது) பூச்சு 80 மைக்ரான் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், அது பூச்சு முடிந்த பிறகு மானியை வைத்து அளக்க வேண்டியது. வெல்டிங் தரமும் அப்படியே. இவற்றுக்கு எதிரே ‘கண்ணால்’, ‘மானியால்’ என்று எழுதிவிட்டு நகருங்கள். ஆனால் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.

அதே கால்வனைசிங்கில் கம்ப்யூட்டரால் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. இருமுனையும் அடைத்து வெல்டு வைத்த பைப்பைத் துளையில்லாமல் உருகிய துத்தநாகத் தொட்டியில் இறக்கினால், உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் விரிந்து பைப் வெடிக்கலாம். தொட்டியருகே நிற்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. அடைபட்ட பைப் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை வரைந்திருக்கிறதா என்று ஒரு சோதனை கட்டாயம் எழுதுங்கள்.

3. பதில் இரண்டல்ல, மூன்று

முடியாத டிசைனைச் சோதிப்பதில் முக்கியமான இடம் இதுதான். முடிந்த பொருளுக்கு ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்ற இரண்டு பதில் போதும். பாதி டிசைனுக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: ‘இன்னும் சொல்ல முடியாது’.

குறுக்குச் சட்டத்துக்கு என்ன பைப் என்றே முடிவாகவில்லை என்றால், வளைவுச் சோதனை தேறியதாகவும் காட்டக்கூடாது, தோற்றதாகவும் காட்டக்கூடாது. ‘சட்டத்தின் குறுக்களவு இன்னும் தரப்படவில்லை’ என்று காரணத்தோடு நிற்க வேண்டும். தோற்றதாகக் காட்டினால் முதல் நாளிலிருந்தே திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். தேறியதாகக் காட்டினால் விளைவு அதைவிட மோசம். யாருமே கணக்குப் போடாத சட்டம் பட்டறைக்குப் போய்விடும்.

பைத்தான் மொழியில் எழுதிய சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இந்த மூன்றாவது பதிலுக்காக ‘ஸ்கிப்’ (தாண்டிப் போ) என்று குறித்த சோதனை எத்தனை இருந்தாலும் பைடெஸ்ட் கடைசியில் மொத்தத்தையும் வெற்றி என்றே முடிக்கும். பத்தில் ஒன்பது ஸ்கிப் ஆகியிருந்தாலும் பச்சைதான். எனவே ஸ்கிப் காரணங்களைப் பட்டியலிடும் விருப்பத்தை எப்போதும் போட்டு ஓட்டுங்கள். பட்டறைக்கு டிராயிங் வெளியிடும் நாளில் ஒரு ஸ்கிப் இருந்தாலும் தோல்வி என்று அறிவிக்கும் கண்டிப்பான ஓட்டம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘இப்போதைக்குத் தோற்கும், எங்களுக்குத் தெரியும்’ என்ற நிலைக்கு ‘எக்ஸ்ஃபெயில்’ இருக்கிறது. அதையும் கண்டிப்பு முறையில் வையுங்கள். அந்தச் சோதனை எதிர்பாராமல் தேறிவிட்டால் அப்போதும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும்.

4. கருவிகளும் செலவும்

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. மாடல் வரைய ஃப்ரீகேட், சோதனை எழுத பைத்தானும் பைடெஸ்டும், ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்ய கிட். எல்லாமே இலவசம். வலிமைக் கணக்குக்கு கால்குலிக்ஸ், அதுவும் இலவசம். உங்கள் வேலை இரும்பில்லாமல் சர்க்யூட் போர்டு என்றால் கிகேட் எடுங்கள். அதன் 8-ஆம் பதிப்பிலிருந்து விதிமீறல் சோதனைகளைத் திரையைத் திறக்காமல் கட்டளை வழியாகவே ஓட்டலாம்.

தரநிலை நூல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய பிரதியை நம்ப வேண்டாம். காற்றுச் சுமைக்கு ஐ.எஸ். 875 பகுதி 3-இன் 2015 பதிப்பு வேண்டும். பலரிடம் இருப்பது 1987 பதிப்பு. திருத்தத் தாள்களையும் சேர்த்தே இறக்குங்கள்.

செலவு என்று வருவது மனித நேரம்தான். பட்டியலையும் முதல் சோதனைகளையும் எழுத ஒரு வாரம் ஒதுக்கச் சொல்லி முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். “டிராயிங் எங்கே?” என்று மூன்றாம் நாள் கேட்பார், கேட்கத்தான் செய்வார். அதற்குள் கீழே சொல்லும் முதல் சோதனையை ஓட்டிக் காட்டிவிட்டால் பேச்சு எளிதாகிவிடும்.

5. முதல் சோதனை: காற்று தூக்குமா?

ஒரு கோடு வரைவதற்கு முன்பே இதை எழுதலாம். தெரிந்தவை இரண்டு: பேனல் பரப்பு, குழி அளவு.

540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர். ஆறுக்கு 15.5 சதுர மீட்டர். மணிக்கு 150 கி.மீ. என்பது விநாடிக்கு 41.67 மீட்டர். காற்றழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் கிடைப்பது: சதுர மீட்டருக்கு 1042 நியூட்டன். மேல்நோக்கிய அழுத்தக் குணகத்தை (காற்றழுத்தத்தில் எத்தனை மடங்கு பேனலை மேலே தூக்கும் என்ற எண்) 1 என்று எடுத்தாலே மொத்தம் 16.1 கிலோ நியூட்டன். ஏறக்குறைய 1600 கிலோ எடையைத் தூக்கும் விசை. சரியான குணகத்தைச் சாய்வுக்கு ஏற்பத் தரநிலை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும், அது 1-ஐத் தாண்டவும் செய்யலாம்.

நான்கு கால் என்றால் ஒரு காலுக்கு 4.04. பாதுகாப்புக்கு 1.5-ஆல் பெருக்கினால் 6.05 கிலோ நியூட்டன். இதைப் பிடித்து வைத்திருப்பது காங்கிரீட்டும் ஸ்டாண்டின் சொந்த எடையும். வழக்கமாகத் தோண்டும் இரண்டடிக் குழி, அதாவது 600 மி.மீ. கனச்சதுரம், காங்கிரீட் நிரப்பினால் 5.18 கிலோ நியூட்டன் எடை. பேனலும் சட்டமும் சேர்ந்து 350 கிலோ என்று வைத்தால் ஒரு காலுக்கு 0.86. கூட்டி 0.9-ஆல் பெருக்க வேண்டும். தூக்கும் விசைக்கு எதிராக நிற்கும் எடையைத் தரநிலை அப்படித்தான் எடுக்கச் சொல்கிறது. கிடைப்பது 5.44. தேவை 6.05. தேறவில்லை.

குழியை 700 மி.மீ. ஆக்கினால் 8.18 கிடைக்கும், தேறிவிடும். இன்னும் ஒரு பைப்பைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் குழி போதாது என்று தெரிந்துவிட்டது. குழி வெட்டும் ஆளுக்கு போன் போடுவதற்கு முன்னால் தெரிந்திருக்கிறது!

இது முதல் நிலைக் கணக்கு மட்டும். நான்கு காலுக்கும் விசை சமமாகப் பிரியாது, மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் வேறு, மானூர்ப் பக்கத்துக் கரிசல் வேறு. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலில் குழியின் ஆழத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். அவற்றையெல்லாம் அடுத்தடுத்த சோதனைகளாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

6. மாடலை அளக்கச் சொல்லுங்கள், அட்டவணையை அல்ல

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். ஃப்ரீகேட் அட்டவணையில் ‘தாழ்ந்த விளிம்பு 1000’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். சோதனையும் அந்த 1000-ஐயே படித்துத் தேறியது என்று சொல்லும். ஆனால் வரைந்த காலின் உயரம் அந்த எண்ணோடு இணைக்கப்படாமல் 850-ல் நின்றுகொண்டிருக்கும். சோதனை படிக்க வேண்டியது வரைந்த உருவத்தின் எல்லைப் பெட்டியை, அதாவது உருவம் முழுவதும் அடங்கும் பெட்டியின் அளவுகளை. எடைக்கும் அப்படியே: உருவத்தின் கன அளவை எடுத்து எஃகின் அடர்த்தியான 7850-ஆல் பெருக்குங்கள். ஃப்ரீகேட் கன அளவைக் கன மில்லிமீட்டரில் தரும். கன மீட்டருக்கு மாற்ற மறந்தால் விடை நூறு கோடி மடங்கு தவறும்.

இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை எண்ணை ஸ்கிரிப்ட் வழியாக மாற்றினால் மறுகணக்கீட்டுக் கட்டளையைக் கொடுத்த பிறகுதான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய உருவத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். அப்புறம், ‘ஆறாவது முகம்’ என்று எண் வைத்து எதையும் அளக்காதீர்கள். மாடலில் ஒரு துளை சேர்த்தால் முக எண்கள் இடம் மாறிவிடலாம்.

மாடலை அளக்கும் சோதனையின் பலனைச் சாய்வில் பாருங்கள். பேனல்கள் இரண்டு வரிசை, நீளவாக்கில். சரிவின் நீளம் 4.56 மீட்டர். 10 பாகைச் சாய்வில் உயர்ந்த விளிம்பு தாழ்ந்ததைவிட 0.79 மீட்டர் மேலே, அதாவது தரையிலிருந்து 1.79 மீட்டர். அண்ணாச்சிக்கு எட்டும். நெல்லையின் அட்சரேகை 8.7 பாகைதான், எனவே வெயிலுக்கும் அது சரியான சாய்வு. ஒருவர் “தூசி நல்லா வழியட்டும்” என்று நல்லெண்ணத்தில் 15 பாகை ஆக்குகிறார். உயர்ந்த விளிம்பு 2.18 மீட்டருக்குப் போய்விடுகிறது. ஏணித் தேவை அந்த நிமிடமே சிவப்பாகும். சாய்வை மாற்றியவருக்கு ஏணி பற்றி நினைவே இருந்திருக்காது.

7. ஊகத் தாள்

தெரியாத எண்களுக்கு ஊகம் வைத்துத்தான் ஓட்ட முடியும், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு ஊகமும் ஒரு தனித் தாளில், யார் வைத்தது, எந்தத் தேதிக்குள் உறுதியாகும் என்பதோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன 350 கிலோவில் பேனல் எடை 168 கிலோ என்பது தயாரிப்பாளர் தாளில் இருந்து வந்தது. மீதிச் சட்டம் ஊகம்.

ஊகத்துக்கு ஒதுக்கீடு வைக்கும்போது திசையைப் பாருங்கள். நான் 25 சதவீதம் வைக்கிறேன். சட்டத்தை எத்தனை பேர் தூக்கி வைக்க முடியும் என்ற சோதனையில் எடையைக் கூட்டி எடுக்க வேண்டும். காற்று தூக்குமா என்ற சோதனையில் அதே எடையைக் குறைத்து எடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே எடை நமக்கு உதவி செய்கிறது. எல்லா இடத்திலும் கூட்டியே பழகியவர்கள் இங்கே தங்களை அறியாமல் ஆபத்தான பக்கம் போய்விடுகிறார்கள். பைப் முடிவானதும் ஒதுக்கீட்டை நீக்கிவிட்டு உண்மை எடையைப் போடுங்கள்.

8. தானாக ஓடவிடுவது

கிட் ஃபைல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில், தனிப்பட்ட களஞ்சியத்துக்கு (பிறர் பார்க்க முடியாத ஃபைல் தொகுப்பு) இலவசக் கணக்கிலேயே சோதனைகளை ஓட்ட மாதம் 2000 நிமிடம் தருகிறார்கள். சின்னப் பட்டறைக்கு அது தாராளம். லினக்ஸ் இயந்திரத்தையே தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர் டிராயிங்கை வெளியே ஏற்றக்கூடாது என்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மூலையில் வைத்து அதில் ஓட்டலாம். யு.பி.எஸ். போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு, எடை, உயரச் சோதனைகள் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஓடட்டும். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். கால்குலிக்ஸ் வலிமைக் கணக்கை இரவுக்குத் தள்ளுங்கள், காலையில் வந்ததும் அறிக்கை மேசையில் இருக்கும்.

9. கால் இடறும் இடங்கள்

டிசைன் செய்தவரின் சூத்திரத்தையே சோதனையிலும் நகல் எடுத்தால் அது எப்போதும் தேறும். பிழையும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். முடிந்தால் சோதனையை வேறொருவர் எழுதட்டும்.

புதிய சோதனை எழுதியதும் டிசைனை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். காலின் உயரத்தைக் குறைத்துத் தாழ்ந்த விளிம்பை 900 ஆக்குங்கள். சிவப்பாகவில்லை என்றால் அந்தச் சோதனை எதையும் பார்க்கவில்லை.

கிலோ, கிலோ நியூட்டன், நியூட்டன் மூன்றும் ஒரே ஃபைலில் கலந்தால் கட்டாயம் எங்காவது உதைக்கும். மாறியின் பெயரிலேயே அலகை எழுதுங்கள்.

தசம எண்களைச் ‘சமமா’ என்று கேட்காதீர்கள், ‘இவ்வளவுக்குள் இருக்கிறதா’ என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கெட்ட பழக்கம், சோதனை சிவப்பானதும் தேவை எண்ணைத் தளர்த்திப் பச்சையாக்குவது. டெலிவரி தேதி நெருங்கும்போது இந்த ஆசை எல்லோருக்கும் வரும். தேவைப் பட்டியல் ஃபைலை மாற்றும் உரிமையை டிசைனரிடம் கொடுக்காதீர்கள். மாற்றம் வேண்டுமென்றால் வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கி, பட்டியலைக் கவனிப்பவர் மாற்ற வேண்டும். அண்ணாச்சி “சரி, 2100 வச்சுக்கிடுங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும், அதை அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள்.

10. தாள்களும் காலக்கணக்கும்

பட்டறைக்கு டிராயிங் போகும் நாளில் கோப்பில் இருக்க வேண்டியவை: கையெழுத்திட்ட தேவைப் பட்டியல், ஊகம் ஒன்றும் மீதமில்லாத ஊகத் தாள், ஒரு ஸ்கிப்பும் இல்லாத சோதனை அறிக்கை, பேனல் தயாரிப்பாளர் தாள், மண் பற்றிய குறிப்பு. சோதனை அறிக்கையின் தலைப்பில் இருக்கும் திருத்த எண்ணும் டிராயிங் மூலையில் இருக்கும் திருத்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இதையும் கம்ப்யூட்டரிடமே விடலாம்.

கூடவே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரின் கையெழுத்திட்ட கணக்குத் தாளும் வேண்டும். உங்கள் சோதனைகள் எத்தனை தேறினாலும் அந்தக் கையெழுத்துக்கு மாற்றாகாது. ஆனால் அறிக்கையையும் ஊகத் தாளையும் முதல் வாரத்திலேயே அவரிடம் காட்டினால், குணகம் தவறு, கால்களின் இடைவெளி போதாது என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிடுவார்.

காலக்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஆனிக் காற்றுக்கு முன் ஸ்டாண்ட் நிற்க வேண்டும். காங்கிரீட் தன் முழு வலிமைக்கு வர 28 நாள், அதில் முதல் 7 நாளாவது தண்ணீர் விட வேண்டும். கால்வனைசிங் ஆலையில் வரிசை எவ்வளவு, தொட்டி நீளம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டு, அந்த நீளத்தையும் தேவைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்கள். தொட்டிக்குள் அடங்காத சட்டத்தை வரைந்தால் அன்றைக்கே சிவப்பு வரட்டும். இப்படிக் கணக்குப் போட்டால் மாசி மாதத்திலேயே தேவைப் பட்டியலில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சித்திரையில் வரும் ஆர்டருக்கு இந்த ஆடிக்குள் முடியாது என்று அண்ணாச்சியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.